வந்தபோது இருந்தபடி

கிராண்ட்பாஸ் லோன்றியிலிருந்து
சாக்குத் துண்டில் சுற்றி வந்திருந்தது அமுக்கமானி.
கண்ணாடியில் சவர்க்காரப் படலம்,
ஏழில் சிவப்புக் கோடு.
கோட்டைத் தாண்டி, எட்டுக்குப் பக்கத்தில்
யாரோ பேனையால் வைத்த ஒரு சிறு புள்ளி.

துடைக்கப்போன நஸ்மியாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.
தொடுவதற்கு முன் எழுத வேண்டும்:
வந்தபோது இருந்தபடி.
திருத்திய பிறகு கேட்டால்
எந்தக் கருவியும் தன் பழைய பிழையைச் சொல்லாது.

அதற்கு முன் காலையில் வெப்பமானிகள்.
முகத்துவாரத்து ஐஸ் வேண்டாம் என்று எத்தனை தரம் சொல்லியும்
அதைத்தான் கொண்டுவந்திருந்தார்கள்.
மீன் பெட்டி ஐஸ், உப்புப் பட்டது.
அதில் பூச்சியம் பூச்சியமாக இராது,
பாகையில் பத்தில் மூன்று கீழே நழுவிவிடும்.
வடித்த நீரை நாங்களே உறையவைத்து,
நொறுக்கி, குடுவையில் இறுக்கிக் காத்திருந்தோம்.
வெளியே முப்பத்திரண்டு பாகை வெயில்.
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு சுத்தமான பூச்சியம்
தன் பாட்டில் உருகிக்கொண்டிருந்தது.

பிறகு அமுக்கம்.
எண்ணெய்க்கு மேல் தண்டு, தண்டின் மேல் எடைத் தட்டுகள்.
விரலால் ஒரு சுழற்று;
உராய்வு விட்டுப்போக, இரும்பு மிதக்கும்.
இந்த எடைகளை ஒப்பிட ஓர் எடை,
அதை ஒப்பிட வேறொரு தேசத்தில் இன்னொன்று.
"கடைசி ஆள் யாரைப் பார்த்துச் சரி எண்டுறார்?"
நஸ்மியாவின் கேள்வியைத் தேநீர் வரைக்கும் தள்ளிவைத்தேன்.
சான்றிதழ் குளிர்நாடொன்றில் எழுதியது.
கொழும்பில் பூமி கொஞ்சம் தளர்வாகத்தான் பிடிக்கிறது,
ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு குறைவாக.
அதையும் கழிக்க வேண்டும்.
மாலை பஸ்ஸில் நசுங்கி நிற்கும்போது
இதை நான் நம்புவதில்லை.

இரண்டு. நான்கு. ஆறு.
ஒவ்வொரு படியிலும் நகத்தால் மெல்லத் தட்டி வாசித்து,
பிறகு இறங்குவரிசை.
ஏறும்போது காட்டியதை இறங்கும்போது காட்டவில்லை.
வளைந்த குழாய்க்கு ஞாபகம் உண்டு,
ஏறிய உயரத்தை உடனே விட்டுக்கொடுக்காது.
அது சிறு பிழை.
பெரியது இது: உள்ளே ஆறு இருக்க, முள் ஏழு என்றது.
மூன்று தரமும்.
உள்ளே ஏழு வைத்தேன். கொஞ்சம் குனிந்தேன்.
முள் சரியாக அந்தப் பேனைப் புள்ளியின் கீழே.
என்னைவிடக் கட்டையான ஒருவர்
தன் கண் மட்டத்துக்கு வைத்த புள்ளி.

பொயிலர்காரர் பிலேந்திரனுக்குப் போன் எடுத்தேன்.
"அது பொய் சொல்லும் மிஸ்.
ஆனா பத்து வருசமா ஒரே பொய்.
சிவப்பைத் தாண்டிப் புள்ளி வரைக்கும் ஏத்தினாத்தான்
ஹோட்டல் பெட்ஷீட் காயும்."

ஒரே பொய்யென்றால் பயமில்லை.
எவ்வளவென்று எழுதி, கழித்துவிடலாம்.
அவர் எழுதாமலே கழித்திருக்கிறார்.

முள்ளைத் திருத்தினேன். ஸ்டிக்கர் ஒட்டினேன்.
ஸ்பிரிட் தொட்டுப் புள்ளியைத் துடைத்தேன்.
துடைத்த பிறகுதான் உள்ளங்கை குளிர்ந்தது:
கருவி இனி மெய் பேசும்,
அவர் கண்ணோ எட்டைத்தான் தேடும்.

சான்றிதழைத் தபாலில் போடுவது வழக்கம்.
ஆட்டோ பிடித்தேன்.
நீராவிக்குள் நின்று சொன்னேன்,
இனிச் சிவப்பு என்றால் சிவப்புத்தான்.
தலையாட்டினார். விரல் மட்டும்
கண்ணாடியில் ஒன்றுமில்லாத இடத்தை ஒரு தரம் தடவியது.

"இரவு யார்?"
"ஜயலத். அவனுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தது."

ஏழு மணிக்கு வருவானாம்.
களனிப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது.
ஈரத் துணி வண்டியில் சாய்ந்து நின்றேன்,
என் அரைகுறைச் சிங்களத்தில் ஒரு வசனத்தை
மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொன்னபடி,
ஏறும்போதும் இறங்கும்போதும்
ஒரே மாதிரி வருகிறதா என்று.